புகைக்குழாயில் ஒரு கணக்குப்பிள்ளை

முதலிலேயே ஒரு டிஸ்கி. அடியேன் படிப்பது பி.காம்., கடைசி வருடம். கார் என்ஜின் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பானட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் என்பதுதான். மெக்கானிக்கல் படிக்கும் நண்பர்கள் திட்டுவதென்றால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். நான் செய்த தப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

எங்கள் வீட்டில் ஒரு மாருதி 800 இருக்கிறது. 1996 மாடல், வெள்ளை. நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் அப்பாவுக்கு அதுதான் மூத்த பிள்ளை. எனக்கும் அவருக்கும் சண்டை வந்தால், "அவனாவது சொன்ன பேச்சைக் கேக்கறான்" என்று ஷெட்டைக் கை காட்டுவார். 796 சிசி, 3 சிலிண்டர், கார்புரேட்டர். அந்தக் கடைசி வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இப்போது வரும் கார்களில் எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. எங்கள் வண்டியில் அதை முடிவு செய்வது பித்தளையில் போட்ட ஒரு சின்னத் துளை. அதற்குப் பெயர் ஜெட். 1996-ல் எந்த அளவில் துளை போட்டார்களோ அதே அளவில்தான் இன்றைக்கும் ஊற்றும். மாற்றி யோசிக்கத் தெரியாது. (அப்பாவின் மூத்த பிள்ளை ஆயிற்றே!)

2025 நடுவில் பையனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 50, 60-ல் ஒரே சீராகப் போகும்போது முன்னும் பின்னும் இடித்து இடித்துப் போகும். திடீரென்று ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி ஒன்றுமே நடக்காது.

அந்த ஒரு நொடி எங்களுக்கு எங்கே வந்தது என்றால், பண்ணாரி கோயிலுக்குப் போகும்போது, அன்னூர் தாண்டி. முன்னால் போன பஸ்ஸை முந்த அப்பா வெளியே எடுத்து மிதித்தார். வண்டி செத்துப் பிழைத்தது. எதிரே டிப்பர் லாரி. பின் சீட்டில் அம்மாவும் அம்மாயியும். அப்பா மறுபடி பஸ்ஸுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார். சத்தியமங்கலம் வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்து ஷெட்டில் விட்ட பிறகு அப்பா சொன்னது ஒரே வரி. "பொங்கல் வரைக்கும் பாக்கலாம். சரியாகலைன்னா இரும்புக் கடைக்காரன்கிட்டக் கொடுத்துடலாம்."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

எங்கள் மெக்கானிக் அண்ணன் தன்னால் ஆனதையெல்லாம் பார்த்துவிட்டார். பிளக் மாற்றினார், டைமிங் பார்த்தார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெட்ரோல் ஹோஸ் விறைத்துப் போயிருந்தது என்று அதையும் மாற்றினார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "வண்டி அதே வண்டிதானுங்க தம்பி. பெட்ரோல்தான் பழைய பெட்ரோல் இல்லீங்க" என்றார்.

சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று கெமிஸ்ட்ரி குரூப் நண்பனிடம் 100 மி.லி. அளவு ஜாடி வாங்கி வந்தேன். வாசலில் திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு இல்லாத இடமாகப் பார்த்து, 80 மி.லி. பெட்ரோலும் 20 மி.லி. தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலுக்குப் பெட்ரோலை விடத் தண்ணீர்மேல்தான் பாசம் அதிகம். அது கட்சி மாறிக் கீழே இறங்கிவிடும். 20 மி.லி. தண்ணீர் 36-க்குப் பக்கத்தில் போய் நின்றது. கூடிய 16-ஐ 80-ல் வகுத்தால் 20 சதவீதம். இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. நாட்டில் 2023-ல் இ20 பெட்ரோல் வர ஆரம்பித்து 2025-க்குள் அநேகமாக எல்லா பங்குகளுக்கும் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் உள்ள வண்டி, கொஞ்சம் முன்பின் ஆனால் தானே சரி செய்துகொள்ளும். பித்தளைத் துளை என்ன செய்யும்?

இங்கேதான் பி.காம். மூளை வேலை செய்தது. பெட்ரோல் முழுசாக எரிய, 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலின் உடம்பிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ காற்றே போதும். 80 பங்கு இது, 20 பங்கு அது. வெயிட்டட் ஆவரேஜ் போடுங்கள். எத்தனால் கொஞ்சம் கனம் என்பதால் எடைக்கணக்கில் அது 21 சதவீதம் வரும். 14.7-ஐ 0.79-ஆல் பெருக்கி, 9-ஐ 0.21-ஆல் பெருக்கிக் கூட்டினால், ஏறக்குறைய 13.5. அதாவது இ20 பெட்ரோல் 1 கிலோவுக்கு 13.5 கிலோ காற்று போதும். ஆனால் எங்கள் கார்புரேட்டர் பழைய கணக்குப்படியே காற்றையும் பெட்ரோலையும் கலந்துகொண்டிருக்கிறது. 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பெட்ரோல் பற்றாக்குறை. மெக்கானிக்குகள் 'லீன்' என்று சொல்வது இதைத்தான். பற்றாக்குறை பட்ஜெட். உபரியாக ஊற்றினால் 'ரிச்'. (மைலேஜ் குறைவது தனிக் கதை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 6, 7 சதவீதம் போகும். அதை எந்த ஜெட் மாற்றியும் திருப்பி வாங்க முடியாது.)

துளையின் பரப்பு 9 சதவீதம் கூட வேண்டுமென்றால் விட்டம் 4 சதவீதத்துக்கு மேல் கொஞ்சம் கூடினால் போதும், ஏனென்றால் பரப்பு விட்டத்தின் வர்க்கம். இந்த 4 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன், அதுதான் பிரச்சினையே.

ஆனால் 29 வருட கார்புரேட்டர் புத்தகத்தில் உள்ளபடி நடக்குமா? எங்கே எவ்வளவு பற்றாக்குறை என்று கண்ணால் பார்த்தால் தேவலை. நியூஸ் பேப்பரில் ரேஸ் படங்கள் பார்த்தே வளர்ந்த என் சித்தப்பா பையன்தான் "வைட்பேண்ட் போட்டுப் பாருடா" என்றான். கோயம்புத்தூருக்கு இதெல்லாம் அந்நியமில்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அது யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் கரிவரதன்தான் 1980களின் கடைசியில் இதே மாருதி 800 என்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்று ரேஸ் கார் கட்டியவர். அதே என்ஜின் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் ஷெட்டுக்குப் போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா பையனின் நண்பர் ஒருவர் ரேஸ் வண்டிகள் பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரு மாதத்துக்கு சென்சாரும் மீட்டரும் இரவலாகக் கிடைத்தன. உடைத்தால் நீதான் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இந்த சென்சார் என்ன செய்கிறது? புகைக்குழாயில் உட்கார்ந்து, எரிந்து போன புகையில் மிச்சம் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கிறது. முதன்முதலாக 1976-ல் போஷ் நிறுவனம் செய்து வோல்வோ கார்களில் வந்தது பழைய வகை. அதற்கு நேரோபேண்ட் என்று பெயர். ஜிர்கோனியா என்ற பீங்கான் சூடாக இருக்கும்போது, ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை என்று வைத்தால், இரண்டு பக்க ஆக்சிஜன் வித்தியாசத்தைப் பொறுத்து வோல்டேஜ் கொடுக்கும். ரிச் என்றால் 0.9 வோல்ட் பக்கம், லீன் என்றால் 0.1 பக்கம், சரியான கலவையில் நட்டநடுவே 0.45. பிரச்சினை என்னவென்றால் அந்த நடு இடத்தில் அது செங்குத்தாக விழும். பாஸா ஃபெயிலா என்று மட்டும் சொல்லும், மார்க் சொல்லாது. 34 எடுத்து ஃபெயிலா, 3 எடுத்து ஃபெயிலா என்று வீட்டில் கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

வைட்பேண்ட் மார்க் சொல்லும். 1990களின் தொடக்கத்தில் ஹோண்டா சிவிக் வகை ஒன்றில் என்டிகே நிறுவனத்தின் சென்சார் வந்தது. இப்போது டியூனிங் செய்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது போஷின் எல்எஸ்யு 4.9. எங்களுக்குக் கிடைத்ததும் அதுதான். அது வேலை செய்யும் விதத்தை நான்கு தடவை படித்தும் புரியவில்லை. ஐந்தாவது தடவை, "அட, இது நம்ம சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!" என்று புரிந்தது.

சென்சாருக்குள் ஒரு மயிரிழை இடுக்கு. அதில் கொஞ்சம் புகை கசிந்து வரும். பழைய வகை போலவே ஒரு ஜிர்கோனியா செல் அந்த இடுக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது எப்போதும் 0.45 வோல்ட்டே காட்ட வேண்டும், அதாவது டிரையல் பேலன்ஸ் எப்போதும் டேலி ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. புகையில் ஆக்சிஜன் அதிகமா? இன்னொரு செல் கரண்ட் வாங்கிக்கொண்டு ஆக்சிஜனை வெளியே பம்ப் செய்யும். குறைவா? கரண்ட்டைத் திருப்பி, உள்ளே பம்ப் செய்யும். டேலி ஆக எவ்வளவு கரண்ட் போட வேண்டியிருந்தது, எந்தப் பக்கம் போட வேண்டியிருந்தது என்பதுதான் ரீடிங். டிரையல் பேலன்ஸ் உதைக்கும்போது சஸ்பென்ஸ் அக்கவுண்டில் எவ்வளவு தூக்கிப் போட்டோம் என்று பார்த்தாலே தப்பின் அளவு தெரியாதா, அதே கதை. ஒன்றுமே போட வேண்டியதில்லை, கரண்ட் பூஜ்யம் என்றால் கலவை மிகச் சரி. அந்த நிலைக்கு லாம்டா 1 என்று பெயர். 1-க்கு மேலே லீன், கீழே ரிச்.

மெக்கானிக் அண்ணனுக்கு இதில் ஒட்டவே இல்லை. "மூக்கு இருக்கறப்ப மீட்டர் எதுக்குங்க தம்பி?" என்றார். ஆனாலும் எனக்காகச் சம்மதித்தார். என்ஜினிலிருந்து கீழே இறங்கும் பைப்பைக் கழற்றி, வெல்டிங் பட்டறையில் துளை போட்டு, சென்சார் மாட்டும் மரை நட்டு ஒன்றை வைத்து வெல்டு அடித்தோம். சென்சாரின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பைப்பில் குளிரும்போது உண்டாகும் தண்ணீர் சூடான பீங்கானில் பட்டு வெடித்துவிடும். 700 டிகிரிக்கு மேலே சூடேறி உட்கார்ந்திருக்கும் பொருள் அது. பைப்பைத் திரும்ப மாட்டும்போது அண்ணன் புது கேஸ்கெட் கேட்டார். பழையதே நன்றாக இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். மிச்சம் பிடிக்கிறேனாம்.

மீட்டரை டேஷ்போர்டில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு. ஐடிலிங்கில் 16. 60-ல் சீராகப் போகும்போது 16.1. மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் 14.2. எல்லாம் லீன். நான் போட்ட கணக்கு பலித்துவிட்டது! அன்றைக்கு என் தலைக்கனத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இ20-க்கு சரியான விகிதம் 13.5 என்று நான்தான் கண்டுபிடித்திருக்கிறேனே. அதனால் அண்ணனிடம் உத்தரவு போட்டேன்: "60-ல போகும்போது மீட்டர் 13.5 காட்டணுங்ணா. ஐடிலிங்லயும் அதே." அண்ணன் தன் டப்பாவிலிருந்து பெரிய ஜெட் ஒன்று போட்டார், போதவில்லை. இன்னும் பெரியது போட்டார். 13.5 வந்தது. ஐடிலிங்குக்கு மிக்சர் ஸ்க்ரூவைத் திறந்துகொண்டே போனோம், அதுவும் வந்தது. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. இடி இல்லை, தயக்கம் இல்லை. அப்பா அவினாசி ரோட்டில் ஒரு புது காரை முந்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு டிகிரி படிக்கலாம் என்று தோன்றியது.

அண்ணன் மட்டும் பின்னால் போய் நின்று மூக்கை உறிஞ்சினார். "வாசம் ஓவரா இருக்குதுங்க தம்பி. ரிச்சு."

"மீட்டர் கரெக்டாக் காட்டுதுங்ணா."

"மீட்டரு காட்டுதுங்க. நான் இல்லீங்கல. மூக்கும் காட்டுதில்லீங்க?"

நான் கேட்கவில்லை. இரண்டு வாரம் போனது. அப்பா டேங்க் ரொப்புவதையெல்லாம் டைரியில் எழுதுபவர். 16 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 13 கொடுத்திருந்தது. அவர் அதை வாயால் சொல்லவில்லை. டைரியைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதே வாரம் புகைச் சான்றிதழ் முடிந்திருந்தது, எடுக்கப் போனோம். எங்கள் வயது வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை இருக்கலாம். மெஷினில் 4.7 வந்தது. ஃபெயில். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கருக்க ஆரம்பித்திருந்தது. அப்பா, "சரி விடு, பொங்கலுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. (ஆமாம், அழுதேன். கிண்டல் செய்பவர்கள் செய்துகொள்ளலாம்.)

அன்றிரவு உட்கார்ந்து யோசித்தேன். ஒரே புகைக்குழாயில் இரண்டு சாட்சிகள். ஐடிலிங்கில் சரியான கலவை என்கிறது சென்சார். ஏகத்துக்கும் ரிச் என்கிறது புகை மெஷின். ஆடிட்டிங் பேப்பரில் இப்படி இரண்டு வவுச்சர் முரண்பட்டால் என்ன செய்யச் சொல்வார்கள்? எது பொய் என்று கேட்காதே, ஒவ்வொன்றும் உண்மையில் எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று பார். அதைச் செய்தேன். சென்சாரோடு வந்த மீட்டரின் விளக்கத்தாளை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன்.

முதல் தப்பு அங்கேயே இருந்தது. சென்சாருக்கு டேங்கில் இருப்பது பெட்ரோலா, எத்தனாலா, நீராகாரமா என்று தெரியவே தெரியாது. அது ஆக்சிஜனை மட்டும் பார்த்து லாம்டா சொல்கிறது. மீட்டர் அந்த லாம்டாவை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் பெருக்குவது 14.7-ஆல்தான். அதாவது இ20 போட்டாலும், கலவை மிகச் சரியாக இருந்தால் மீட்டர் 14.7 என்றே சொல்லும். நான் 13.5-ஐப் பார்த்துப் பூரித்தபோது என்ஜினுக்குள் லாம்டா 0.92. ரிச். ரூபாயில் இருந்த கணக்கை மீட்டர் ஏற்கனவே டாலராக மாற்றித் தந்திருக்கிறது. நான் அதை டாலர் என்று தெரியாமல் இன்னொரு தடவை மாற்றியிருக்கிறேன். மூன்று வருடமாக டபுள் என்ட்ரி படிப்பவன் டபுள் கவுண்டிங் செய்திருக்கிறேன். அதைவிடக் கேவலம், 4 சதவீதம் பெரிய ஜெட் போதும் என்று நானே எழுதி வைத்திருந்தேன். அண்ணன் கடைசியாகப் போட்டது 9 சதவீதம் பெரியது. என் நோட்டிலேயே இரண்டு எண்ணும் அடுத்தடுத்த பக்கத்தில் இருந்தன.

ஆனால் இது மட்டும் 4.7-க்குப் போதாது. லாம்டா 0.92-க்கு அவ்வளவு கார்பன் மோனாக்சைடு வராது. ஐடிலிங்கில் வேறு ஏதோ இருக்கிறது.

காலையில் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. டீ சொன்னார். குடித்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஒரு துணியைச் சுருட்டி சைலன்சர் வாயில் ஒரு நொடி அழுத்தினார். முன்னால் என்ஜின் பக்கத்திலிருந்து 'சுஸ்ஸ்' என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துக் காட்டினார். பைப்பும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் கரிக்கோடு. நான் மிச்சம் பிடித்த கேஸ்கெட்!

புகைதானே வெளியே கசியும், அதனால் சென்சாருக்கு என்ன என்றுதான் நானும் நினைத்தேன். ஐடிலிங்கில் புகை விட்டு விட்டு வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே பைப்புக்குள் அழுத்தம் இறங்கும்போது, அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும் சென்சார் அந்த ஆக்சிஜனையும் சேர்த்து எண்ணி, "லீன், லீன்" என்று கத்துகிறது. அதை நம்பி நான் ஸ்க்ரூவைத் திறந்து திறந்து பெட்ரோலை ஊற்றியிருக்கிறேன். புகை மெஷின் பார்ப்பது கார்பன் மோனாக்சைடை. அது வெளிக்காற்றால் கொஞ்சம் நீர்த்துப் போகுமே தவிர, காணாமல் போகாது. அதனால் அது உண்மையைச் சொன்னது. அண்ணனின் மூக்கும்.

இதே மாதிரி இன்னொரு பொறியும் இருக்கிறதாம். ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ் அடித்தால், அதில் செலவாகாத ஆக்சிஜன் முழுசும் அப்படியே புகைக்குழாய்க்கு வரும். சென்சார் லீன் என்று சொல்லும். பிளக் நனைந்து போகிற அளவு ரிச்சாக இருந்து மிஸ் அடித்தாலும் அதையேதான் சொல்லும். அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைச் சொன்னபோது அண்ணன், "அது தெரிஞ்சதுதானுங்களே" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பட் பட்டுனு சத்தம் வருமில்லீங்க?"

புது கேஸ்கெட் போட்டோம். மீட்டரை லாம்டா காட்டும்படி மாற்றினேன். அந்த வசதி முதல் நாளிலிருந்தே அதில் இருந்தது, ஒரு பட்டன்தான். நான் முதலில் கணக்குப் போட்ட 4 சதவீத ஜெட்டைப் போட்டோம். 60-ல் 1.01. முழுசாக மிதித்தால் 0.89, மேடேறும்போதும் முந்தும்போதும் கொஞ்சம் ரிச்சாக இருப்பதுதான் என்ஜினுக்கு நல்லது, சூடு தாங்கும். ஐடிலிங்கை மட்டும் மீட்டர் பார்க்காமல் அண்ணனை விட்டு வைக்கச் சொன்னேன். அவர் காதாலும் மூக்காலும் வைத்து முடித்த பிறகு எட்டிப் பார்த்தேன். 0.97. நான் ஒன்றும் பேசவில்லை.

புகை மெஷினில் 1.4 வந்து பாஸ். அப்பாவின் டைரியில் அடுத்த டேங்க் 15.2. பழைய 16 வரவில்லை.

பொங்கலுக்கு மறுபடி பண்ணாரி போனோம், அதே ரோடு. அன்னூர் தாண்டி ஒரு பஸ் வந்தது. அப்பா முந்தவில்லை, பின்னாலேயே போனார். ஏனென்று நான் கேட்கவில்லை. புளியம்பட்டி தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில் அடுத்த பஸ்ஸை முந்தினார். அம்மாயி தூங்கிக்கொண்டிருந்தார்.

சென்சாரை உடையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பைப்பில் போட்ட துளையை ஒரு போல்ட் வைத்து அடைத்திருக்கிறது. (சென்சாரைச் சும்மா பைப்பில் விட்டுவிட்டு, கரண்ட் கொடுக்காமல் வண்டியை ஓட்டாதீர்கள். சூடில்லாத பீங்கானில் கரி ஏறிச் செத்துவிடும். இரவல் பொருள் என்றால் கூடுதல் கவனம் :-)) கழற்றும்போது அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன விலைங்க தம்பி?"

சொன்னேன். சென்சாரைத் துணியில் பத்திரமாகச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, டப்பாவில் ஜெட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: "பட்டறை நண்பர்கிட்டக் கேட்டா செகண்ட்ஸ்ல கிடைக்குங்களா?"